ஸ்வயம் பாடத்தை டிகிரி மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்கும் கல்லூரி மாணவர்களுக்கு

மத்திய அரசின் இலவச இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் பன்னிரண்டு வாரம் வீடியோ பார்த்து, வாராவாரம் அசைன்மென்ட் போட்டு, 1,000 ரூபாய் கட்டித் தேர்வெழுதி, 72 மதிப்பெண்ணோடு சான்றிதழும் வாங்கியாயிற்று. அதைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், "இந்தப் பாடம் நம்ம லிஸ்ட்டுல இல்லையேப்பா" என்கிறார்கள். பல மாணவர்களுக்கு இது நடக்கிறது. உழைப்பில் குறை இல்லை, செய்த வரிசைதான் தவறு. கல்லூரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில் வர வேண்டும், பாடத்தில் சேர்வது அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

இது கல்லூரியில் நேரில் படித்துக்கொண்டே ஒன்றிரண்டு பாடங்களை இணையவழியில் படிக்க விரும்பும் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் (பட்டத்துக்காகச் சேரும் பாட மதிப்பலகு) பெறலாம். இது மேல் வரம்பு. உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோ இதற்குள் எத்தனைப் பாடங்களை, எந்த இடத்தில் அனுமதிக்கிறது என்பதுதான் உங்களுக்குப் பொருந்தும் கணக்கு.

1. பருவம் தொடங்கும் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள்

ஸ்வயத்தில் ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள்: ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. ஜூலைச் சுற்றுக்கு மே, ஜூனிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். ஜனவரிச் சுற்றுக்கு நவம்பர், டிசம்பர். கல்லூரி அந்தப் பருவத்துக்கான பாடப்பட்டியலை அகாடமிக் கவுன்சிலில் வைத்து ஏற்க வேண்டும். பதிவு முடியும் வாரத்தில் போய் நின்றால் கவுன்சில் கூட்டம் முடிந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியவர் கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளர். ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் லோக்கல் சாப்டர் (கல்லூரிக் கிளை) உள்ள கல்லூரிகளில் அவரை 'ஸ்பாக்' என்பார்கள். அவரிடமும் துறைத் தலைவரிடமும் இவற்றைக் கேளுங்கள்:

- இந்தப் பருவத்தில் ஏற்கப்படும் ஸ்வயம் பாடங்களின் பட்டியல் வந்துவிட்டதா? நான் எடுக்க நினைக்கும் பாடம் அதில் உண்டா?
- இது எந்தப் பாடத்துக்கு மாற்றாக ஏறும்? எலெக்டிவுக்கா (விருப்பப் பாடம்), ஓப்பன் எலெக்டிவுக்கா (துறைக்கு வெளியேயும் எடுக்கக்கூடிய விருப்பப் பாடம்), அல்லது கூடுதல் கிரெடிட் மட்டும்தானா?
- எத்தனைக் கிரெடிட் கிடைக்கும்?
- ஸ்வயம் மதிப்பெண் அப்படியே ஏறுமா, கல்லூரியின் கிரேடாக மாற்றப்படுமா?
- தேர்ச்சி பெறாவிட்டால் அரியராகப் பதியுமா? அதே இடத்தில் கல்லூரியின் சொந்தப் பாடத்தை எழுத முடியுமா?

இரண்டாவது கேள்வியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். 'கூடுதல் கிரெடிட்' என்றால் உங்கள் வகுப்புச் சுமை குறையாது. வழக்கமான எல்லாத் தாள்களோடும் சேர்த்து இதையும் சுமப்பீர்கள். 'மாற்றுப் பாடம்' என்றால் ஒரு தாள் குறையும். இரண்டும் நல்லவைதான், ஆனால் எது என்று தெரியாமல் இறங்கினால் அக்டோபரில் மூச்சு முட்டும்.

வாய்மொழி ஒப்புதலோடு நிற்காதீர்கள். ஒரு பக்க விண்ணப்பம் போதும்: பெயர், பதிவு எண், ஸ்வயம் பாடத்தின் முழுப் பெயர், நடத்தும் நிறுவனம், வாரங்கள், கிரெடிட், எந்தத் தாளுக்கு மாற்று. துறைத் தலைவரின் கையெழுத்து, தேதி, முத்திரை வாங்கி நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் மாறிவிட்டாலும் இந்தத் தாள் பேசும்.

2. பாடத்தைத் தேர்ந்தெடுப்பது

ஸ்வயம் ஒரு கூரை. அதன் கீழ் பல ஒருங்கிணைப்பு அமைப்புகள் பாடங்களை நடத்துகின்றன. பொறியியல், அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் என்பிடெல்லிடமிருந்து வருகின்றன. கலை, அறிவியல் இளநிலைப் பாடங்களைக் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பான சி.இ.சி. நடத்துகிறது. இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், என்பிடெல் தன் தேர்வைத் தானே நடத்துகிறது, சி.இ.சி. உள்ளிட்ட மற்றவற்றுக்குத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. தேர்வுப் பதிவுத் தளம், கட்டணம், தேதி எல்லாம் இதனால் மாறும். நண்பர் சொன்ன தேதி உங்கள் பாடத்துக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

என்பிடெல்லில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பது வழக்கம். உங்கள் கல்லூரித் தாள் 3 கிரெடிட் என்றால் 12 வாரப் பாடம்தான் அதற்கு ஈடாகும். 8 வாரப் பாடத்தை முடித்துவிட்டு "ஒரு கிரெடிட்தானே குறைகிறது" என்று கேட்டால் ஏற்க மாட்டார்கள்.

உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள தாளோடு பெருமளவு ஒத்துப்போகும் பாடத்தைத் தவிர்ப்பது நல்லது. ஸ்வயம் பாடத்தைக் கல்லூரித் தாள்களோடு ஒப்பிடும் குழு அதை நிராகரிக்க வாய்ப்பு அதிகம். எளிது என்பதற்காகப் படித்ததையே மறுபடி படிப்பதில் உங்களுக்கும் பயனில்லை.

இங்கே வெளிப்படையாக ஒரு கருத்து. ஓப்பன் எலெக்டிவ் இடம் கிடைத்தால் அதை உங்கள் துறைக்கு வெளியே செலவிடுங்கள். இயந்திரப் பொறியியல் மாணவர் உளவியல் படிக்கலாம், வணிகவியல் மாணவர் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாம், வேதியியல் மாணவர் மொழியியல் படிக்கலாம். எல்லாத் துறைகளுக்கும் ஆசிரியர் வைத்திருக்கக் கல்லூரிகளால் முடிவதில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் இந்த வழி திறந்திருக்கிறது. மாணவர்கள் அதை 'சுலபமாக மார்க் வரும் பேப்பர்' தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துவது வருத்தமான விரயம்.

சேரும் முன் அந்தப் பாடத்தின் முந்தைய சுற்றைத் தேடிப் பாருங்கள். என்பிடெல் விரிவுரைகள் யூடியூபில் திறந்தே கிடக்கின்றன. மூன்றாவது வாரத்து வீடியோ ஒன்றை முழுதாகப் பாருங்கள். முதல் வாரம் எல்லாப் பாடத்திலும் எளிதாகத்தான் இருக்கும். பேராசிரியரின் பேச்சு வேகம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பாட முகப்பில் மொழிபெயர்ப்புப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். சில பாடங்களுக்கு விரிவுரையின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

3. பெயர், மின்னஞ்சல், ஏபிசி ஐடி

பாடத்தில் சேரும் முன் இவை மூன்றும் நேராக இருக்க வேண்டும்.

பெயர்: ஆதார், கல்லூரிப் பதிவேடு, ஸ்வயம் கணக்கு ஆகிய மூன்றிலும் ஒரே மாதிரி. நம் ஊரில் சிக்கல் தருவது முன்னெழுத்துதான். ஆதாரில் 'செல்வி முருகன்' என்றும் கல்லூரியில் 'மு. செல்வி' என்றும் இருந்தால், கணினி இருவரையும் வேறு வேறு ஆளாகவே பார்க்கும். ஆதாரையோ கல்லூரிப் பதிவேட்டையோ திருத்த வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே முதலில் இதைப் பாருங்கள்.

மின்னஞ்சல்: பாடத்தில் சேர ஒரு முகவரி, தேர்வுக்கு வேறொரு முகவரி என்று போனால் உங்கள் அசைன்மென்ட் மதிப்பெண் தேர்வோடு இணையாது. ஒரே முகவரியைக் கடைசி வரை வைத்திருங்கள். கல்லூரி தரும் முகவரி படிப்பு முடிந்ததும் முடக்கப்படலாம், அதனால் கல்லூரி கட்டாயப்படுத்தாவிட்டால் சொந்த முகவரியே பாதுகாப்பு.

ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஐடி: கிரெடிட்களைச் சேமிக்கும் வங்கிக் கணக்கு எண் போன்றது, 12 இலக்கம். அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஆதார் வழியாக நுழைந்து இலவசமாக உருவாக்கலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கையில் இருந்தால் பத்து நிமிட வேலை. பலருக்குக் கல்லூரியே அபார் என்ற பெயரில் உருவாக்கியிருக்கும், முதலில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். இதில் சேரும் கிரெடிட்கள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் செல்லும். ஒரு பட்டத்துக்கு ஒருமுறை பயன்படுத்திய கிரெடிட்டை இன்னொன்றுக்கு மறுபடி காட்ட முடியாது.

4. சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு

புதிதாக வருபவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். பாடத்தில் சேர்வதும் படிப்பதும் இலவசம். சேர்ந்துவிட்டதாலேயே தேர்வு எழுத முடியாது. தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் கடைசி நாள்.

என்பிடெல்லில் வழக்கமாகப் பாடச் சேர்க்கை ஜனவரி அல்லது ஜூலை கடைசி வாரத்தில் முடியும். தேர்வுப் பதிவு பிப்ரவரி அல்லது ஆகஸ்ட் நடுவில் முடியும். 12 வாரப் பாடங்களின் தேர்வு ஏப்ரல் பிற்பாதியிலோ, அக்டோபர் இறுதி முதல் நவம்பர் தொடக்கத்திலோ வரும். துல்லியமான நாளைப் பாட முகப்பில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

என்பிடெல் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் பாதிக் கட்டணம். அதற்கான சான்றிதழைப் படிவத்தில் பதிவேற்ற வேண்டும். தேசியத் தேர்வு முகமை நடத்தும் தேர்வுகளில் கட்டணம் பிரிவுவாரியாக மாறும், அந்தச் சுற்றின் அறிவிப்பைப் பாருங்கள். சில கல்லூரிகள் தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன. உங்கள் கல்லூரியில் அந்த வழக்கம் இருந்தால் பணம் கட்டிய ரசீதை அன்றே சேமித்துவையுங்கள்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: புகைப்படம், கையெழுத்தின் படம், அடையாள அட்டை, கல்லூரிப் பதிவு எண், சலுகை கோருபவர்களுக்குச் சாதி அல்லது மாற்றுத்திறன் சான்றிதழ். கல்லூரியின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது ஊரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று நான்கு கல்லூரிகள் இருக்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் முடிவு உங்கள் ஒருங்கிணைப்பாளரின் பட்டியலில் வராது.

இரண்டு பாடம் எடுப்பவர்கள் பணம் கட்டும் முன் இரண்டின் தேர்வுத் தேதியையும் வேளையையும் ஒப்பிடுங்கள். ஒரே வேளையில் இரண்டு எழுத முடியாது. அதே வாரத்தில் கல்லூரியின் செய்முறைத் தேர்வு வருகிறதா என்பதையும் பாருங்கள். அக்டோபர் கடைசியில் இது அடிக்கடி மோதும்.

5. வாரத்துக்கு ஏழரை மணி நேரம்

தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட்டுக்கு 90 மணி நேரம். பன்னிரண்டு வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏழரை மணி. 12 வார என்பிடெல் பாடத்தில் வீடியோ மொத்தமே ஏறத்தாழ 30 மணி நேரம்தான், அதாவது வாரத்துக்கு இரண்டரை. அப்படியானால் மீதி ஐந்து மணி நேரம் எங்கே?

அந்த ஐந்து மணி நேரத்தில்தான் படிப்பே இருக்கிறது. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அசைன்மென்ட் விடையைக் குழுவில் வாங்கிப் போடுபவர்கள் தொலைப்பதும் அதைத்தான். பின்வரும் பங்கீடு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும்:

- வீடியோ: இரண்டரை மணி. ஒரே மூச்சில் வேண்டாம், மூன்று நாளாகப் பிரியுங்கள்.
- கையால் குறிப்பெழுத: ஒன்றரை மணி. வீடியோவை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். எழுத வராத இடம்தான் மறுபடி பார்க்க வேண்டிய இடம்.
- கணக்கு, கேள்வி, வாசிப்பு: இரண்டு மணி. அசைன்மென்ட் இதில் அடங்கும்.
- நேரில் கூடிப் படிக்க: ஒன்றரை மணி.

கடைசியில் உள்ளதை யாரும் செய்வதில்லை, பலன் அதில்தான் அதிகம். அதே பாடத்தை எடுத்த நான்கைந்து பேர் வாரத்தில் ஒருநாள் காலியான வகுப்பறையில் கூடுங்கள். ஆளுக்கு ஒரு கருத்து, பத்து நிமிடம், கரும்பலகையில் விளக்க வேண்டும். மற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்க வேண்டும். ஆறேழு பேரைத் தாண்டினால் இரண்டு பேர் பேசி மற்றவர்கள் கேட்கும் கூட்டமாகிவிடும். நாலு பேர் முன் நின்று பேசத் தயங்குபவருக்கு இந்தப் பத்து நிமிடம் தரும் பயிற்சியைத் தனியாக நடத்தும் எந்த ஆளுமைப் பயிலரங்கமும் தராது, ஏனென்றால் இங்கே பேசுவதற்கு உண்மையான விஷயம் இருக்கிறது.

2021 விதிமுறைகளின்படி, கல்லூரி ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக நியமித்துப் பாடம் முழுவதும் மாணவர்களுக்கு உதவ வேண்டும். ஆய்வகம் தேவைப்படும் பாடம் என்றால் அந்த வசதியும் கல்லூரியில்தான். பல இடங்களில் அந்த ஆசிரியர் பெயரளவில் இருப்பார். நாலு பேர் சேர்ந்து போய், "வாரம் அரை மணி நேரம் எங்களோடு உட்கார முடியுமா சார்?" என்று கேளுங்கள். போகும்போது தீராத மூன்று சந்தேகங்களை எழுதி எடுத்துப் போங்கள். 'பாடமே புரியல சார்' என்று போனால் அந்தச் சந்திப்பு ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காது.

படித்ததை வெளியே கொண்டுபோகவும் வழி தேடுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி உண்டு. இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ். திடக்கழிவு மேலாண்மையோ பொதுச் சுகாதாரமோ இணையவழியில் படிப்பவர், முகாம் நடக்கும் ஊரில் அதை ஒட்டிய ஒரு கணக்கெடுப்பைத் திட்ட அலுவலரிடம் முன்வைக்கலாம். வீட்டு வாசலில் நின்று, முன்பின் தெரியாதவரிடம் கேள்வி கேட்டு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும்போது பாடப்புத்தகச் சொற்களுக்கு முகம் கிடைக்கும். பணி நேரத்தைக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கேட்டால் கிடைக்காது.

6. மதிப்பெண் கணக்கு

என்பிடெல்லின் பொதுவான கணக்கு: அசைன்மென்ட் 25, தேர்வு 75. 12 வாரப் பாடத்தில் 12 அசைன்மென்ட்களில் சிறந்த 8, 8 வாரத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3 எடுத்துக்கொள்வார்கள். தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியாக வேண்டும்.

'தனித்தனியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அசைன்மென்ட் சராசரி 80 சதவீதம் என்றால் 25க்கு 20. தேர்வில் 100க்கு 38 வாங்கினால் அது 75க்கு 28.5. கூட்டினால் 48.5, ஆனால் சான்றிதழ் கிடையாது. தேர்வில் 100க்கு 40 எடுத்தே ஆக வேண்டும். குழுவில் விடை வாங்கி அசைன்மென்ட்டில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

மொத்தம் 60 முதல் 'எலைட்', 75 முதல் 'எலைட் சில்வர்', 90 முதல் 'எலைட் கோல்டு' என்று சான்றிதழில் வரும். நிரலாக்கப் பாடங்கள் சிலவற்றில் 25, 75 பங்கீடே மாறும். சி.இ.சி. பாடங்களில் பொதுவாக 30, 70.

அசைன்மென்ட்டின் கடைசி நேரம் பெரும்பாலும் புதன் இரவு 11:59. தாமதமானால் ஏற்க மாட்டார்கள். கெடு முடியும்வரை எத்தனை முறையும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கில் வரும். ஆகவே ஞாயிறே ஒருமுறை அனுப்பிவிடுங்கள், புதனன்று இணையம் இல்லாமல் போனாலும் பூஜ்யம் விழாது. பன்னிரண்டில் நான்கை விடலாம் என்று தொடக்கத்திலேயே விட்டுவிடாதீர்கள். உடல்நலக் குறைவுக்கும் கல்லூரியின் இன்டர்னல் தேர்வு வாரத்துக்கும் அந்த நான்கும் தேவைப்படும்.

7. தேர்வு நாள்

நேரில் மையத்துக்குப் போய்க் கணினியில் எழுதும் தேர்வு. என்பிடெல்லுக்கு மூன்று மணி நேரம். அச்சிட்ட ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை இரண்டும் வேண்டும்; கைபேசியில் உள்ள படத்தைக் காட்டினால் திருப்பி அனுப்பக்கூடும். மையம் பக்கத்து மாவட்டத்தில் விழுந்தால் காலைத் தேர்வுக்கு முதல் நாளே கிளம்ப வேண்டியிருக்கும், பயணச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த நாளுக்கான வருகைப் பதிவு விலக்குக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

8. முடிவு வந்த பிறகு

முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். இறுதிப் பருவத்தில் இருப்பவர்களுக்கு இதுவே பெரிய ஆபத்து. கல்லூரி தேர்ச்சிப் பட்டியலை அனுப்பிய பிறகு ஸ்வயம் முடிவு வந்தால் பட்டம் தள்ளிப்போகும். தேவையான கிரெடிட்டை இறுதிப் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசிப் பருவத்தில் ஸ்வயம் பாடத்தை மாற்றுத் தாளாக எடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சான்றிதழ் மின்வடிவில் மட்டுமே கிடைக்கும். பதிவிறக்கி, அதில் உள்ள கியூஆர் குறி திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு இவற்றை ஒரே தொகுப்பாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுங்கள்:

- முதலில் வாங்கிய ஒப்புதல் கடிதத்தின் நகல்
- மதிப்பெண் தெரியும் சான்றிதழின் அச்சு
- ஏபிசி ஐடி
- துறைத் தலைவர் பரிந்துரையோடு கிரெடிட் மாற்ற விண்ணப்பம்

கொடுத்த நாள் குறித்த ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து டிஜிலாக்கரில் ஏபிசி கணக்கைத் திறந்து கிரெடிட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வந்துவிட்டால் கல்லூரிப் பட்டியலிலும் தானாக ஏறிவிடும் என்று இருக்காதீர்கள். அவை இரண்டு தனிப் பதிவுகள். அடுத்த மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பாடப் பெயர், குறியீடு, கிரெடிட், கிரேடு ஆகிய நான்கையும் சரிபாருங்கள். எதிலாவது பிழை இருந்தால் ஒப்புகைச் சீட்டோடு அன்றே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் அச்சாகும் முன் திருத்த ஒரு விண்ணப்பம் போதும், அச்சான பிறகு திருத்தக் கட்டணமும் மாதக்கணக்கான காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும்.